உழுந்துக்குத் தடை

செப்டம்பர் 2, வவுனியா

காலையில் பொருளியல் விரிவுரை. பாதிப் பேர் தூக்கம். "வெளியிலிருந்து மலிவாக வருகிறது என்பதற்காக நம் வயலைத் தரிசாகப் போடலாமா?" என்று கேட்டேன். "மலிவா வந்தா நல்லதுதானே சேர்," என்றாள் ஒரு பிள்ளை. இருபது வருடமாக இதைத்தான் எழுதிக் கிழிக்கிறேன். முன்வரிசையிலேயே எடுபடவில்லை.

செப்டம்பர் 11

தடை வந்துவிட்டது! இன்றிலிருந்து உழுந்து இறக்குமதி நிறுத்தம். கொழும்பில், இறக்குமதி ஆலோசனைக் குழுவில் இதற்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான் ஒருவன்தான். எதிரில் இருந்த இறக்குமதியாளர் சிரித்தார். "நாட்டுக்கே உழுந்து தர வன்னியால ஏலுமா, புரொபெசர்?" ஏலும் என்றேன். ஒரு போகம் விட்டுப் பாருங்கள் என்றேன். தை அறுவடையோடு குழு மறுபடி கூடிப் பார்க்குமாம். பார்க்கட்டும்.

செப்டம்பர் 14

பூவரசங்குளத்தில் தங்கச்சி சிவதர்சினி வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் சுகிர்தனுக்குக் கட்டாரில் வேலை சரிவந்திருக்கிறதாம். பாஸ்போட் மேசையில் கிடந்தது. எனக்கு வந்த கோபம்! ஆட்களை ஏற்றுமதி செய்து தானியத்தை இறக்குமதி செய்கிற நாடு உருப்படுமா? குசினி வாசலில் நின்றபடியே ஒரு விரிவுரை வைத்தேன். மேட்டுக்காணி முழுக்க உழுந்து போடு, இந்தமுறை விலை உன் கையில் என்றேன்.

"சரி, உங்கடை சொல்லை நம்பி நிக்கிறன் மச்சான்," என்றான்.

சாப்பிட இருந்தபோது தங்கச்சி எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் 6

விலை ஏறு ஏறென்று ஏறுகிறது. ஊரில் பானைகளில் கிடந்த உழுந்தெல்லாம் வெளியே வருகிறதாம். வியாபாரிகள் லொறியோடு படலைக்கே வந்து ஏற்றுகிறார்களாம். கமக்காரன் கையில் காசு. இதற்குத்தானே இத்தனை பாடு! கொஞ்ச நாள் தோசை இல்லாவிட்டால் கொழும்பு செத்துப்போகாது.

டிசம்பர் 1

பச்சை! சுகிர்தனின் காணியில் உழுந்து முழங்காலுக்கு மேல் தழைத்து நிற்கிறது. மழையும் அளவு. அவனை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தேன். பத்திரிகைக்குக் கட்டுரையும் போய்விட்டது. வன்னி இந்த நாட்டுக்கு ஊட்டும் என்று முடித்திருக்கிறேன்.

டிசம்பர் 29

காய் இல்லை. அங்கொன்று இங்கொன்றாகப் பூ, அவ்வளவுதான். "பிந்திப் பிடிக்கும்," என்கிறான் சுகிர்தன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஜனவரி 9

விவசாயப் போதனாசிரியர் வந்து ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். "இது எங்கடை விதை இல்லையே. எங்கை எடுத்தனீங்கள்?"

டவுன் கடையில் என்றான் சுகிர்தன். தடைக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்து தேங்கிய மூட்டை. தோசைக்கு அரைக்கிற உழுந்து. நம் மண்ணிலும் மழையிலும் அது காய்க்காமல் வெறும் கொடியாக ஓடிவிட்டு நிற்குமாம்.

"வீட்டு விதை எங்கை?" என்று கேட்டேன்.

"அதை வித்திட்டம் மச்சான். அந்த விலைக்கு ஆர் வைச்சிருப்பினம்? ஊரே வித்துப்போட்டு இந்தக் கடை மூட்டையைத்தான் விதைச்சது."

சாம்பலில் பிரட்டி, வேப்பிலை போட்டு, பானை வாயைக் கட்டி வைத்திருந்த விதை. போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த வருடம் யாரிடமோ ஒரு சுண்டளவு வாங்கிப் பெருக்கியது. அதை வெளியே இழுத்தது என் விலை. நானோ கைதட்டிக்கொண்டிருந்தேன்! இவ்வளவு பேசினேனே, விதையைப் பற்றி வாய் திறந்தேனா? என்ன பொருளியலடா உன்ரை பொருளியல் — அடுத்த வருசம் எதை விதைக்கிறது எண்டு யோசிக்காத பொருளியல்.

ஜனவரி 24, கொழும்பு

இறக்குமதியாளர் என் கட்டுரையைப் படத்தோடு கொண்டுவந்திருந்தார். பச்சை வயல், நடுவில் என் மச்சான். "உழுந்து எங்க, புரொபெசர்?" இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. விதை பெருக்க இன்னொரு வருடம் கேட்டேன். கை உயர்த்தியவன் நான் மட்டும். தடை நீங்கியது.

நான் சொன்னது பிழையில்லை. இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் பூவரசங்குளத்தில் போய் ஆருக்குச் சொல்லுறது?

பெப்ரவரி 3

சுகிர்தன் உழுந்துக்குள் மாட்டை அவிழ்த்து விட்டிருக்கிறான்.

மார்ச் 8

கட்டாருக்குப் போய்விட்டான். பஸ்ஸடியில் என் கையைப் பிடித்து, "நீங்கள் மனம் விடாதேங்கோ மச்சான்," என்றான். நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். தங்கச்சி பஸ் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 4

தங்கச்சியின் மகள், என் மருமகள் தேனுகா பெரியபிள்ளையாகிவிட்டாள். காலையில் தங்கச்சி கோல் எடுத்துச் சொன்னாள். தகப்பன் கட்டாரிலிருந்து வீடியோவில் பார்ப்பாராம். மாமன் நான், பிள்ளைக்குக் களி கிண்ட உழுந்தும், நல்லெண்ணெயும், முட்டையும் நான்தான் கொண்டுபோக வேண்டும். பையை எடுத்தேன். இப்போது பஜாரில் என்ன உழுந்து கிடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? எல்லாம் கப்பலில் வந்தது. தெரிந்தவர்கள் யாராவது நிற்பார்கள். நின்றால் நிற்கட்டும், பிள்ளைக்குத்தானே.

செருப்பைப் போடும்போது தங்கச்சி மறுபடி எடுத்தாள்.

"அண்ணை, எண்ணெயும் முட்டையும் மட்டும் கொண்டுவந்தாக் காணும். உழுந்து நான் வாங்கிட்டன். நீங்கள் அந்தக் கடைக்குப் போகவேண்டாம்."

"மாமன் கொண்டுவாறதெல்லே முறை?"

"ஓம். நீங்கள் கொண்டுவந்ததெண்டு சொல்லுறன்."

எண்ணெயும் முட்டையும் மட்டும் வாங்கி வந்து மேசையில் வைத்திருக்கிறேன்.