மாமாவின் நான்கு-பத்துத் துப்பாக்கி

டிசம்பர் 7, ஞாயிறு

பனிமூட்டம். பாலத்தில் எல்லாக் காரும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. கிளப் போய்ச் சேர ஒன்பதரை. ஹவுராவைத் தாண்டி, செங்கல் சூளைகளுக்கு நடுவில். புகை வாசனை முடியில் இன்னும் இருக்கிறது.

இருபத்தைந்தில் ஐந்து. போன வாரம் ஆறு. அதற்கு முந்தின வாரமும் ஆறு.

பள்ளத்திலிருந்து மிஷின் ஆரஞ்சு நிறக் களிமண் தட்டை வீசும். அது பறந்துபோகும்போது சுட்டு உடைக்க வேண்டும். ஒரு தட்டுக்கு ஒரு தோட்டா. இவ்வளவுதான் விளையாட்டு. என் தட்டுகள் பத்திரமாகப் புல்லில் போய் உட்காருகின்றன. இன்று ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கீறல்கூட இல்லை.

வருண் பதினேழு உடைத்தான். மாமாவின் மகன், என்னைவிட எட்டு மாதம் சின்னவன். அவனுக்குப் பன்னிரண்டு போர் (bore, குழல் அளவு) துப்பாக்கி. எனக்கு மாமாவின் நான்கு-பத்து. ஒல்லிக் குழல், என் சுண்டுவிரல் நுழையும், கட்டைவிரல் நுழையாது.

திரும்பி வரும்போது காரில்:

"பொண்ணுங்களுக்கு இதான் சரி. வெயிட் இல்ல, உதை இல்ல. பொம்மை மாதிரி." இது மாமா.

"பொம்மையேதான். அதான் ஒண்ணும் உடையல." வருண்.

"நீ சும்மா இருடா. இங்க பாரு நந்து, துப்பாக்கி மேல பழி போடாத. எப்பப் பாரு புத்தகத்துல தலையை விட்டுட்டிருந்தா தட்டு எப்படிக் கண்ணுல படும்?"

சொல்லாதது: நான் புத்தகம் படிப்பது கண்ணால்தான்.

வெறுக்கிறேன்:
- "பொம்மை" என்ற சொல்
- மாமா துப்பாக்கியை என் கையில் கொடுக்கும்போது குனிந்து கொடுப்பது, நான் நான்கு வயதுக் குழந்தை மாதிரி
- அதன் சத்தம். வருணுடையது இடி. என்னுடையது யாரோ புத்தகத்தை மேசையில் போட்ட மாதிரி

நேர்மைக்காக இதையும் எழுத வேண்டும்: துப்பாக்கி அழகு. இரட்டைக்குழல், பக்கவாட்டில் இரண்டு காடை செதுக்கியிருக்கும். தூக்கினால் தோளுக்குத் தானே வந்துவிடும். தோள் வலிக்கவே வலிக்காது. நாள் முழுக்கச் சுடலாம். நாள் முழுக்கத் தவறவிடலாம்.

டிசம்பர் 9, செவ்வாய்

வெயில். வேதியியல் லேப் ரத்து, லைப்ரரியில் இரண்டு பீரியட்.

கண்டுபிடித்தது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஒரு உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அது பன்னிரண்டு போர். இருபது உருண்டை என்றால் இருபது போர். ஆக, எண் கூடக்கூடக் குழல் சிறிது. நான்கு-பத்து மட்டும் இந்த வரிசையில் சேராது. அது அங்குலம். அரை அங்குலம்கூட இல்லை, 0.410.

முக்கியமான விஷயம் அடுத்த பக்கத்தில். சின்னக் குழலின் தோட்டாவில் ஈயக்குண்டுகளும் குறைவு. பன்னிரண்டு போரில் இருப்பதில் கிட்டத்தட்டப் பாதி. காற்றில் அவை பரவும்போது நடுவில் இடைவெளிகள். குறி சரியாக இருந்தாலும் தட்டு அந்த இடைவெளியில் நுழைந்து போய்விடலாம். அதனால் சின்னக் குழல் கைதேர்ந்தவர்களின் விருப்பம், வேண்டுமென்றே கஷ்டத்தைத் தேடுகிறவர்களுக்கு. ஆரம்பிப்பவர்களிடம், லேசாக இருக்கிறதே என்று கொடுப்பது எல்லோரும் செய்யும் தவறு.

எல்லோரும் செய்யும் தவறு! இரண்டு முறை படித்தேன். கோபத்தில் காது சுட்டது.

அம்மாவின் நிபந்தனை மாறவில்லை. 21-ஆம் தேதி கிளப்பில் தேர்வு. இருபத்தைந்தில் பதினைந்து உடைத்தால் மாநிலப் போட்டிக்கான ஜூனியர் பட்டியலில் பெயர். பெயர் வராவிட்டால் ஜனவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பிசிக்ஸ் டியூஷன். துப்பாக்கி முடிந்தது. "ப்ளஸ் ஒன் ஒண்ணும் விளையாட்டு இல்லடி."

ஐந்திலிருந்து பதினைந்து. பன்னிரண்டு நாள்.

டிசம்பர் 13, சனி

மாலை முழுக்க மொட்டை மாடியில். பழைய வங்காளப் பேப்பர்களை மைதாப் பசையால் ஒட்டி இரண்டு பெரிய தாள். ஒவ்வொன்றும் என் உயரத்துக்கு. நடுவில் ஒரு வட்டம், கயிறும் பென்சிலும் வைத்து.

"துணி காயப்போடற இடத்துல என்னடி இது?"

"பரிசோதனைம்மா."

"பரீட்சைக்குப் படிக்கச் சொன்னா பரிசோதனை."

விரல் இடுக்கெல்லாம் பசை. பேனா வழுக்குகிறது. நிறுத்துகிறேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

தாளைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு காரில். வருண்: "என்ன, பூஜை பேனரா?"

சன்யால் ஸாரிடம் கேட்டேன். கிளப்பின் பயிற்சியாளர், எப்போதும் குரங்குக் குல்லா, பாதி வார்த்தை மஃப்ளருக்குள். முப்பது மீட்டரில் கம்பத்தில் கட்டிக் கொடுத்தார். ஒரு தாளில் கிளப்பின் பன்னிரண்டு போரால் ஒரு தோட்டா, அவரே சுட்டார். மற்றதில் நான்கு-பத்தால் ஒன்று, அதையும் அவரே. குறி என் தவறு என்று யாரும் சொல்லக்கூடாது.

பிறகு தரையில் விரித்துப் பென்சிலால் ஒவ்வொரு ஓட்டையாக வளைத்து எண்ணினேன். வட்டத்துக்குள் பன்னிரண்டு போர்: 204. நான்கு-பத்து: 83. ஒரு முழுத் தட்டை எடுத்துத் தாளின் மேல் நகர்த்திப் பார்த்தேன். பன்னிரண்டு போர் தாளில் ஓட்டையே படாமல் தட்டை வைக்க ஒரே ஓர் இடம். நான்கு-பத்தில் ஏழு இடம்.

சன்யால் ஸார் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "ஆரே, ஏ தோ ஒஸ்தாதேர் போந்துக்," என்றார். இது உஸ்தாத்களின், கைதேர்ந்தவர்களின் துப்பாக்கி என்று. பிறகு மாமாவைப் பார்த்து, இதை ஏன் இந்தப் பெண்ணிடம் கொடுத்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

மாமா சிரித்தார். "பேப்பர் பறக்காது ஸார்." என்னிடம் தமிழில், பல் தெரியாமல்: "நாலு பேர் முன்னால எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"இல்ல மாமா. எண்ணினேன்."

சன்யால் ஸார் கிளப்பின் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். கனம்! முதல் தோட்டாவிலேயே கன்னத்தில் அறைந்தது. பத்தாவதில் கண்ணில் தண்ணீர், அதை யாரும் பார்க்கவில்லை. இருபத்தைந்தில் பதினொன்று. முதல் நாளிலேயே பதினொன்று!

நான் சுட்ட தட்டு இப்படித் தூளாகி இதுவரை பார்த்ததில்லை. மேலே ஆரஞ்சு, உள்ளே கறுப்பு, புகை மாதிரி.

மாமா எங்கள் தெருவுக்குள் திரும்பாமல் டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்திலேயே இறக்கிவிட்டார்.

டிசம்பர் 17, புதன்

வலது தோள் நீலம், ஓரத்தில் மஞ்சள். ஸ்கூல் பை இடது பக்கம். தூறல்.

மாமா போன். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பட்டியல்ல பேர் வந்தா ஃபாரத்துல மெம்பர் கையெழுத்து வேணும். நான்தான் மெம்பர். அவ என் பேர்லதான் உள்ள வர்றா."

"அதுக்கென்னண்ணா, போடப்போற."

"போடறேன். என் துப்பாக்கியில சுட்டா போடறேன். ஆசையா வாங்கினது. பொண்ணு கையில கொடுத்தேன். பேப்பரை விரிச்சு என் மானத்தை வாங்கறா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பிசிக்ஸ் புத்தகத்தைப் பார்த்தேன்.

அப்பா பேங்கிலிருந்து வந்ததும் இதே கதை. அப்பா: "அவர்கிட்ட கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போயேன்மா." சாப்பிட நொலேன் குர் சந்தேஷ், புது ஈச்சவெல்லத்தில் செய்த இனிப்பு, வாங்கி வந்திருந்தார். எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு எடுத்துக்கொண்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

யோசித்துப் பார்த்தது, வரிசையாக:

1. "இதுல எத்தனை உடைச்சிருக்கேன் தெரியுமா" என்று மாமா அக்டோபரில் சொன்னார்.
2. துப்பாக்கியோடு பத்துப் பெட்டித் தோட்டா வாங்கினார். இங்கே கிடைப்பது கஷ்டம் என்பதால் வேறு வாங்கவில்லை. இதுவும் அவர் சொன்னதே.
3. எட்டுப் பெட்டி பிரித்தாகிவிட்டது. எட்டின் ஒட்டுத்தாளையும் கிழித்தது நான், சுட்டதும் நான், சன்யால் ஸாரின் ஒன்று தவிர.
4. போன மாதம் சேஃப்டி பொத்தானைக் காட்டச் சொன்னபோது அவர் விரல் தப்பான இடத்தில் தேடியது.

ஆக மாமா அதில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. ஒன்றுகூட.

எழுதி முடித்ததும் சந்தோஷமாக இருந்தது. நல்ல சந்தோஷம் இல்லை.

டிசம்பர் 20, சனி

அப்பாவின் கறுப்புக் குடையைத் தோளில் வைத்து நூறு முறை தூக்கிப் பழகினேன். கண்ணாடி முன்னால். கீழ்வீட்டு நாய் போல்ட்டு அதைப் பார்த்துக் குரைத்தது.

ஷூவைத் துடைக்க வேண்டும். இரண்டு கைக்குட்டை, ஒன்று தோளுக்கு மடித்து வைக்க.

டிசம்பர் 21, ஞாயிறு

பனி இல்லை. காற்றும் இல்லை. சாக்குப்போக்குச் சொல்ல எதுவுமே இல்லாத காலை.

மாமா காரில் நான்கு-பத்தைப் பின் சீட்டில் என் பக்கத்தில் வைத்தார், சீட் பெல்ட்கூடப் போட்டு. நான் அதைத் தொடவில்லை. கிளப்பில் இறங்கியதும் நேராகச் சன்யால் ஸாரிடம் போய்ப் பன்னிரண்டு போரை வாங்கிக்கொண்டேன்.

முதல் ஐந்தில் இரண்டு. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். நான் எண்ணாமல் இருந்தது என் வாழ்க்கையில் முதல்முறையாக இருக்கும். கடைசித் தட்டு போனதும் சன்யால் ஸார் விரலை மடக்கிக் காட்டினார். பதினாறு. வருண் பதினெட்டு. இருவர் பெயரும் போர்டில்.

வருணின் ஃபாரத்தில் மாமா அப்போதே கையெழுத்துப் போட்டார். என்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு விசிறிக்கொண்டார்.

"போட்டிக்கு எதை எடுத்துட்டுப் போற?"

"இதைத்தான் மாமா. பன்னிரண்டு போர்."

"அப்ப வேற மெம்பரைப் பாரு."

டீ மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். தமிழ் யாருக்கும் தெரியாது, முகம் எல்லோருக்கும் புரிந்தது. நேற்றே மனதில் எழுதி வைத்திருந்த வாக்கியம். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் வங்காள மொழியிலும் திருப்பிச் சொன்னேன்.

"நீங்க ஒரு ரவுண்ட் அதுல சுடுங்க மாமா. பதினைஞ்சு உடைஞ்சா நான் போட்டிக்கு அதையே எடுத்துட்டுப் போறேன். சத்தியமா. உடையலன்னா நீங்க கையெழுத்துப் போடணும்."

"என்னையே சோதிக்கறியா நீ?"

"நீங்க இதுவரை அதுல சுட்டதே இல்ல. எட்டுப் பெட்டியும் நான்தான் பிரிச்சேன்."

வருண் டீயை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தான். அவனுக்கும் தெரியாது போல.

மாமா சிவந்துபோனார். ஒன்பதாவது பெட்டியை அவரே கிழித்தார்.

முதல் தட்டு உடைந்தது. யாரோ கைதட்டினார்கள். இரண்டாவதும் உடைந்தது. நான் கொடுத்தது சத்தியம். பிறகு ஆறு தட்டு வரிசையாகப் புல்லுக்குப் போயிற்று. பிறகு ஒன்று. பிறகு மூன்று போயிற்று. மாமா குல்லாவைக் கழற்றினார், ஸ்வெட்டரைக் கழற்றினார். முப்பது வருடமாகச் சுடுகிறவர். பன்னிரண்டு போரில் இருபதுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.

ஒன்பது. என் ஆறைவிட மூன்று கூட. அதைக் குறைத்து எழுத மாட்டேன்.

வருண் மெதுவாக: "அப்பா, நீங்களும் புத்தகம் படிக்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. வருணே சிரிக்கவில்லை.

மாமா கார் பானெட்டின் மேல் ஃபாரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். தப்பான கோட்டில், காப்பாளர் என்ற இடத்தில்.

"அங்க இல்ல மாமா. கீழ, மெம்பர்னு இருக்கற இடத்துல."

மறுபடி போட்டார். பேனாவை மூடினார். "ஏறு," என்றார், என்னைப் பார்க்காமல்.

அப்பா கூட்டிப்போக வருகிறார், அவரோடு ரயிலில் போகிறேன் என்றேன். கார் கிளம்பியது.

அப்பா வருவதாக இல்லை. மெயின் ரோடு வரை இருபது நிமிட நடை, பிறகு ஷேர் டோட்டோ (பேட்டரி ஆட்டோ), பிறகு ஹவுரா லோக்கல். நின்றுகொண்டேதான் வந்தேன், உட்கார்ந்தால் ஃபாரம் மடங்கிவிடும்.