கெய்சர் இருக்கிற வீடு

3 மார்ச் 2025, திங்கள்

துறையூர் பஸ் வரவில்லை. அதனால் தபால் பையும் வரவில்லை. ஆலத்திமேட்டுக்குப் போஸ்ட் மாஸ்டராக வந்த இந்த ஏழு மாதத்தில் நான் நன்றாகத் தேறியிருக்கும் அலுவலக வேலை, வாசலில் உட்கார்ந்து பச்சைமலையைப் பார்ப்பது. பெயருக்கு ஏற்ற மாதிரி பச்சையாகத்தான் இருக்கிறது. குடிக்கத்தான் தண்ணீர் இல்லை.

வீட்டின் முன்னறை தபால் நிலையம், பின்னறை நான். கழிப்பறை, வீட்டுக்காரர் வீரமலை அண்ணனின் மரவள்ளிக் கிழங்குக்கு. அரசாங்கம் கட்டிக் கொடுத்த நாளிலிருந்தே அப்படித்தானாம். எனக்குக் காடு இருக்கிறது.

6 மார்ச், வியாழன்

இந்த ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு இடத்தில்தான் — மேற்கே இருக்கும் பாறையின் உச்சி. ஒரு ஆள் நிற்கலாம். சேமிப்புக் கணக்கு மெஷினைக்கூட அங்கேதான் தூக்கிக்கொண்டு போகிறேன். சாயங்காலம் ஊரே அங்கு இருக்கும். வார்டு மெம்பர் ராக்கம்மாள் அக்கா வரிசை போடுவார். வரிசையில் இருப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. யார் பேச்சுக்கும் யாரும் கருத்துச் சொல்லலாம். குரலைத் தாழ்த்திப் பேசினால், "ஏன் சாரு, உடம்பு சரியில்லையா?" என்பார்கள்.

இன்று கேத்தரின் கூப்பிட்டாள். போன மாதம் பாலக்கரையில் அம்மா பார்த்து வைத்த பெண். மலைக்கோட்டைப் பக்கம் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள்.

"வீடு எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தேன். அது தன் இஷ்டத்துக்குப் பேசியது. "ஊட்டி மாதிரி கிளைமேட்டு. அட்டாச்டு பாத்ரூம். கெய்சர் இருக்கு."

பின்னால் ராக்கம்மாள் அக்கா, "கெய்சரா? அப்படின்னா என்னா?" என்றார். "யாரு வீட்ல?" என்றார் வீரமலை அண்ணன்.

கேத்தரின் "சரிங்க" என்று வைத்துவிட்டாள். நல்லவேளை, அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது.

7 மார்ச்

கெய்சரைப் பற்றி யார் கேட்டார்கள்? ஏன் சொன்னேன்? ஏற்கனவே இரண்டு பெண் வீட்டார், "மலை மேலயா?" என்று கேட்டுவிட்டு காபியை மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்போதெல்லாம் எனக்கு வருத்தமில்லை. இவளை எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் வம்பு.

11 மார்ச், செவ்வாய்

வருகிற ஞாயிறு கேத்தரினும் அவள் அப்பாவும் வீடு பார்க்க வருகிறார்களாம். செத்தேன்.

12 மார்ச்

போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பாறைக்குப் போனேன். ராக்கம்மாள் அக்கா என்னை வரிசையில் சேர்க்கவே இல்லை.

"இத்தன பேரு கேக்கச் சொல்லிட்டீங்க. இனிமே அது உங்க பொய்யி இல்ல, ஊரு பொய்யி. நாங்க பாத்துக்கறோம்."



15 மார்ச், சனி

கழிப்பறையிலிருந்து கிழங்கு மூட்டைகள் வெளியேறின. கழுவி, பினாயில் ஊற்றி, சுவரில் ஒரு பைப்பு வைத்திருக்கிறார்கள். பைப்பின் மறுமுனை சுவருக்குப் பின்னால் ஒரு டின்னுக்குப் போகிறது. பக்கத்தில் மூன்று கல், மேலே அண்டா.

"இது என்னண்ணே?" என்றேன்.

"கெய்சரு" என்றார் வீரமலை அண்ணன், பெருமையாக.

16 மார்ச், ஞாயிறு

எழுதவே கூசுகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலை பஸ்ஸில் இறங்கினார்கள். அவள் அப்பா பிலோமின்ராஜ், பொன்மலை ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர். பஸ் நிறுத்தத்தில் ஊரே சால்வை போர்த்தி நின்றது. வெயில் கொளுத்துகிறது. ஒரு பையன் கம்பளிக் குல்லாவுக்குள் வேர்த்து வழிந்துகொண்டிருந்தான். கேத்தரின் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா, "ஒரே கசகசப்பா இருக்கு, குளிச்சிட்டு வந்துடறேன்" என்றார். வேறெதையும் கேட்டிருக்கக் கூடாதா?

கதவைச் சாத்திக்கொண்டார். பைப்பு திறந்த சத்தம். தண்ணீர் விழுந்த சத்தம். மாதாவே, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

உள்ளே மாமா தனக்குத்தானே, "சூடு ஜாஸ்தியா இருக்கே" என்றார்.

சுவருக்குப் பின்னாலிருந்து மரியாதையாக ஒரு குரல் வந்தது: "இதோ, பச்சத்தண்ணி கலக்குறேங்க."

பைப்பை மூடிய சத்தம்.

"யாருய்யா அது?"

கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தக் குரல் சொன்னது: "கெய்சருங்க."

கேத்தரின் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா? நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மாமா துண்டோடு வெளியே வந்தார். "பொய் சொல்லிப் பொண்ணு கட்டப் பாக்கறியா தம்பி? கேத்தரின், கிளம்பு." எங்கே கிளம்புவது? அடுத்த பஸ் நாலு மணிக்கு.

அவள் கிளம்பவில்லை. ராக்கம்மாள் அக்காவிடம் போய், "இவரு போன் பேசுற பாறையக் காட்டுறீங்களாக்கா?" என்றாள். பின்னாலேயே போன என்னைப் பார்த்து, "நீங்க வேணாம்" என்றாள்.

பாறைச் சரிவில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தது வாசலிலிருந்து தெரிந்தது. மாமாவும் நானும் எதிரெதிரே. "என்னதான்பா இருக்கு இந்த வீட்ல?" என்றார். "மரவள்ளிக் கிழங்கு இருக்கு மாமா" என்றேன். அவித்துக் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டார்.

நாலு மணி பஸ்ஸில் போய்விட்டார்கள்.

17 மார்ச்

ராக்கம்மாள் அக்காவிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"அது கேட்டுச்சு, சொன்னேன். மழைக்கு ரோடு சரிஞ்சா பஸ்ஸு வராது. சித்திரையில ஊத்துல தண்ணிக்கு வரிசை நிக்கணும். புள்ளத்தாச்சிங்க ஏழாம் மாசமே துறையூருக்கு எறங்கிடணும். நர்ஸம்மா வந்தா உண்டு. எதையும் மறைக்கல சாரு."

"என்னைப் பத்தி?"

"அதையும் மறைக்கல."

முடிந்தது. ஊரே சேர்ந்து என் கல்யாணத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டது. இவர்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை. அந்தக் குல்லாப் பையனுக்கு வேர்க்குருவே வந்துவிட்டது.

20 மார்ச்

போன் வரவில்லை. பாறையில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

23 மார்ச், ஞாயிறு

வந்தது. ராக்கம்மாள் அக்கா வரிசையைக் கலைத்து எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்க வைத்தார். இந்தப் பாறையில் நான் கேட்ட முதல் அமைதி.

"முதல் தடவையே தெரியும்" என்றாள். "நீங்க கெய்சர்ன்றீங்க, பின்னாடி ஒருத்தர் யாரு வீட்லன்றாரு. அப்பாதான் நேர்ல பாக்கணும்னாரு."

"மன்னிச்சிடு கேத்தரின். பயந்துட்டேன். நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு—"

"நீங்க சொன்னத நம்பி வரமாட்டேன். அந்தக்கா சொன்னத நம்பி வரேன். எல்லாக் கஷ்டத்தையும் சொல்லிட்டு, ஒவ்வொண்ணுக்கும் யாரு கூட நிப்பாங்கன்னும் சொன்னாங்க. அப்பாகிட்டயும் பேசிட்டேன். இனிமே பொய் மட்டும் வேணாம்."

நான் எப்போது கண்ணைத் துடைத்தேன் என்று தெரியவில்லை. பத்தடி தள்ளி நின்றவர்கள் என் முகத்தைத் தப்பாகப் படித்துக்கொண்டு, என்னைத் தேற்ற ஓடி வந்தார்கள்.

27 ஏப்ரல், ஞாயிறு

பாலக்கரையில் எங்கள் பங்குக் கோயிலில் இன்று கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். ஆலத்திமேட்டிலிருந்து பதினைந்து பேர் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து கடைசி பெஞ்சுகளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஃபாதர் எங்கள் பெயரை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்றார். வழக்கமாக யாரும் தலைகூடத் தூக்க மாட்டார்கள்.

வீரமலை அண்ணன் எழுந்து நின்றார்.

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா நெஞ்சில் கை வைத்தார்.

"தடையெல்லாம் இல்லீங்க சாமி" என்றார். "கல்யாணம் ஆனதும் ரெண்டு பேரும் கீழயே தங்கிடுவாங்களோன்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. அத மட்டும் கேட்டுச் சொல்லிட்டீங்கன்னா நாங்க பஸ்ஸுக்குப் போயிடுவோம்."

ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்வதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து கேத்தரின் எழுந்து திரும்பினாள்.

"மேல வர்றோம்ணே. உக்காருங்க, பூசை முடியட்டும்."

அவர் உட்கார்ந்தார். ஃபாதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த ஓலையை எடுத்தார்.