உங்கள் கிளினிக் கார்டு என்னிடம் இருக்கிறது

அத்தை,

உங்கள் கைப்பையின் ஓரத்தில், பல் கம்பி குத்தாமலிருக்க ஒட்டும் அந்த மெழுகு டப்பா கிடந்தது. திறந்ததும் புதினா வாசனை. கடைசித் துண்டில் உங்கள் நகத்தடம் அப்படியே இருக்கிறது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

இரவு சாப்பிடும்போது பல் கம்பியின் நுனி கழன்று கன்னத்தைக் கிழித்துவிட்டது. சோற்றில் இரத்தத்தைப் பார்த்த அம்மா, நாளைக் காலையிலேயே பேராதனைப் பல் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டார். மூன்று மாதமாக, கிளினிக் நாள் இன்னும் வரவில்லை என்று அவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னை எப்போதும் நீங்களே கூட்டிப் போனதால் அம்மாவுக்குத் தேதி தெரியாது.

முதல் நாள் என் வாயைப் பார்த்து முடித்த டொக்டரிடம், நாற்பது வயதுக்காரிக்கும் இதைப் போடலாமா என்று மெதுவாகக் கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டேன். துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டும்போதுகூட நீங்கள் ஒரு கையால் வாயை மறைப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிரித்திருக்கக் கூடாது.

நீங்களும் கம்பி போட்டுக்கொண்டதும் அப்பா உங்களைச் சும்மா விடவில்லை. இந்த வயசுல எதுக்கு கம்பி என்று ஒரு வாரம் கேலி செய்தார்.

"பல்லுல வயசு எழுதியா வச்சிருக்கு? நீங்க சாப்பிடுங்கண்ணே" என்றீர்கள்.

கம்பியைப் பிடித்து வைக்கும் குட்டி ரப்பர் வளையங்களை ஒவ்வொரு மாதமும் மாற்றுவார்கள். நிறத்தை நாமே சொல்லலாம். கடையில் யாருக்கும் தெரியக் கூடாது என்று நீங்கள் நிறமில்லாததைக் கேட்டீர்கள். அதில் கறி மஞ்சள் ஏறிவிடும் என்று டொக்டர் சொல்லியும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் பருப்புக் கறி. சாயங்காலம் அம்பிட்டிய பஸ்ஸில் சின்னக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தால் வாய் முழுக்க மஞ்சள்.

"யாராச்சும் கேட்டா, சாயம் போகாத ரகம்னு சொல்லிர்றேன்" என்றீர்கள்.

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தோம். அன்று நீங்கள் வாயை மறைக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து இருவருக்கும் ஒரே நிறம். கடைசியாக எடுத்தது மயில் நீலம்.

பத்து நாள் கழித்து, கடையிலேயே உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது.

இப்போது கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தில் உதடுகளை இறுக மூடியிருக்கிறீர்கள். கம்பி போடுவதற்கு முன் எடுத்தது.

நான் கிளினிக்குக்குப் போகாததற்கு நீல வளையத்தைக் கழற்றிவிடுவார்கள் என்பதும் ஒரு காரணம். ஆனால் பயம் அதனால் இல்லை. உள்ளே போனதும் டொக்டர் முதலில் கேட்பது, அத்தை எங்கே என்பதாகத்தான் இருக்கும். அங்கே யாருக்கும் தெரியாது. நான் போய்ச் சொல்லும்வரை, அங்கே நீங்கள் வராமல் விட்ட ஒருவர் மட்டும்தான். உங்கள் கார்டும் என் விஞ்ஞானப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் அடுத்த தேதி எப்போதோ போய்விட்டது.

நகம் பதிந்த அந்த மெழுகை இப்போது கம்பி நுனியில் ஒட்டியிருக்கிறேன். குத்தவில்லை. காலையில் அம்மாவிடம் பொய் சொன்னதை நானே ஒத்துக்கொள்வேன். இரண்டு கார்டுகளையும் பையில் வைத்துவிட்டேன். நிறம் கேட்டால் மயில் நீலம்தான்.

டொக்டருக்குச் சொல்ல வேண்டிய பதிலைக் கண்ணாடி முன் நின்று மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் கை தானாக எழுந்து வாயை மறைக்கிறது. கையை இறக்கிவிட்டு, மறுபடி சொல்கிறேன்.