உப்பிப்போன பேட்டரியும் உன் அப்பாவும்

அத்-பாஷி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் இலிம்பெக்குக்கு,

அம்மா எழுதுவது. இங்கே ஆளும் ஆடுமாடும் சுகம். பனி இன்னும் முழுசாகப் போகவில்லை, ஆனாலும் கூரை சொட்ட ஆரம்பித்துவிட்டது, சிவலைப் பசு காளைக்கன்று போட்டிருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். வெள்ளிக்கு வெள்ளி முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். குளிர்காலத்தில் நம் வீட்டில் அடுப்பு எரிவது ஒரே அறையில், நான் டேப்லெட்டில் பேசும் ஒவ்வொரு சொல்லும் உன் அப்பா காதில் விழும். இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி. எதிர்வீட்டு ஐனூரா உங்கள் ஊருக்கே வேலைக்கு வருகிறாள், நாளை கிளம்புகிறாள், வெள்ளிக்குள் இது உன் கையில் சேர்ந்துவிடும். கூடவே நீ கேட்ட உலர்ந்த தயிருருண்டையும் ஒரு பை வைத்திருக்கிறேன்.

நீ கொரியாவுக்குக் கிளம்பிய நாளிலிருந்து நீயும் அப்பாவும் ஒரு வார்த்தை பேசவில்லை. மந்தையை விட்டுப் போகிறாயே என்று அவர் தொழுவத்துக்குள் போய் நின்றுகொண்டார், நீ அவர் ஆசியை வாங்காமலே காரில் ஏறிவிட்டாய். நம் பக்கத்தில் சந்தைக்குப் போகிறவன்கூடப் பெரியவர் உள்ளங்கை ஏந்தி ஆசி சொல்லாமல் வாசல் தாண்டமாட்டான், நீ கடலையே தாண்டிவிட்டாய். யார் மேல் தப்பு என்று பஞ்சாயத்து பண்ண நான் வரவில்லை, இரண்டு பேரும் ஒரே பாறையில் உடைத்த கற்கள். நீங்கள் பேசவேண்டும், எனக்கு அவ்வளவுதான். நானும் நீயும் பேசி முடித்ததும், அப்பாவும் தற்செயலாக வருகிற மாதிரி பக்கத்தில் வந்து உட்காருவார், சரியாக அப்போது பார்த்து பேட்டரி தீர்ந்து டேப்லெட் கறுத்துவிடும். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, குளிர்காலம் முழுக்க இதே கூத்து. அவருடைய பொத்தான் போன் உள்ளூர் தாண்டாது, ஐனூராவின் போனில் பேசுங்கள் என்றால் அடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து குடும்ப விவகாரம் பேசுகிற மனுஷனா அவர்?

கடைசியில் டேப்லெட்டின் திரையே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. நாரின் நகரத்துக் கடைத்தெருவில் பழுது பார்ப்பவனிடம் எடுத்துப் போனேன். நான் தைத்துப் போட்டிருந்த கம்பளி உறையைப் பார்த்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பு கடைத்தெருவுக்கே கேட்டிருக்கும். குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று ராத்திரியெல்லாம் அந்த உறைக்குள் வைத்தே, அடுப்புக்கு மேல் பலகையில் சார்ஜ் போட்டேன். ஆட்டுக்குட்டிக்குச் செய்வதைத்தானே செய்தேன். அந்தச் சூட்டில்தான் பேட்டரி உப்பிவிட்டதாம், குத்துப்பட்டால் தீப்பிடிக்குமாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, “இதத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்கக்கா, பையன் கொரியாவுலதானே இருக்கான்” என்றான் பார், எனக்கு வந்ததே கோபம். என் மகன் என்ன ஊருக்கெல்லாம் கறவை மாடா? நானே மாற்றிக்காட்டுகிறேன் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்னேனே ஒழிய பயம் இல்லாமல் இல்லை. உன் அக்கா பெர்மெத் டேப்லெட்டின் பின்பக்கத்தில் இருந்த மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, பேட்டரியைத் தலைநகரிலிருந்து வாடகைக் காரில் கொடுத்தனுப்பினாள். ஐனூரா ஒரு வீடியோ காட்டினாள், அதில் ஒரு பையன் குதிரைப்பந்தயம் வர்ணிக்கிறவன் மாதிரி ருஷ்ய மொழியில் கொட்டுகிறான், நிறுத்தி நிறுத்திப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன். இருந்த கொஞ்ச சார்ஜையும் முதலில் தீர்த்துவிட்டேன். அப்பாவுக்குக் காதுவலி வந்தால் வறுத்த உப்பைப் பையில் கட்டி ஒத்தடம் கொடுப்பேனே, அதே பையைத் திரையின் ஓரங்களில் வைத்தேன், பசை இளகியது, பழைய வங்கி அட்டையைச் செருகி மெல்ல மெல்லத் திறந்தேன். கழற்றிய திருகாணிகள் உருளாமலும் வரிசை மாறாமலும் இருக்க, நூடுல்ஸுக்குப் பிசைந்த மாவில் ஒவ்வொன்றாகப் பதித்துவைத்தேன். அதையும் சேர்த்துச் சமைத்துவிடாதே என்றார் உன் அப்பா. மெத்தை தைக்கிறவளுக்கு மின்சாரத்தில் என்ன வேலை, வீட்டைக் கொளுத்தாமல் விட்டால் சரி என்று ஒரே முனகல். நான் காதிலேயே வாங்கவில்லை. இணைப்பைப் பிரித்தாயிற்று, பேட்டரி மட்டும் அடியில் பசையோடு அசையவில்லை, நெம்பினால் ஆபத்து. கெட்டியான நூல் ஒன்று அடியில் விட்டு அறுக்கவேண்டும் என்று நான் வாய்விட்டுச் சொன்னதுதான் தாமதம், முனகிக்கொண்டிருந்த மனுஷன் எழுந்து போய்க் குதிரை வாலிலிருந்து நாலு முடி பிடுங்கி வந்து என் பக்கத்தில் வைத்தார். உன்னோடு பேசுவது அவருக்கும் எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இலிம். உப்பிய பேட்டரியை மணல் வாளியில் போட்டு வைக்கோல்போர் தாண்டித் தூக்கிப்போனவரும் அவர்தான், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்த அழகைப் பார்த்திருக்கவேண்டும் நீ.

புதுசைப் பொருத்தி மூடினால் உயிரே வரவில்லை. விடுவேனா, மறுபடி திறந்தேன், இணைப்பு சரியாக உட்காரவில்லை, கட்டைவிரல் நகத்தால் அழுத்தினதும் டக்கென்று பதிந்தது. திரை விளக்கு வந்ததும் நான் போட்ட சத்தத்தில் கன்று மிரண்டுவிட்டது. தெருவில் தண்ணீர் சுமந்துபோன பெண்டுகளிடமெல்லாம் சொல்லிப் பெருமையடித்தேன்.

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அப்பா காலையிலேயே சவரம் செய்துகொண்டார், விருந்துக்குப் போடும் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். நீயும் நானும் உங்கள் உணவுக்கூடத்துச் சோறு, உன் அறைத்தோழனின் குறட்டை எல்லாம் பேசித் தீர்த்தோம். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினேன். “அம்மா, இங்க சிக்னல் சரியில்ல” என்றாய், அழைப்பைத் துண்டித்துவிட்டுப் போய்விட்டாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, உன் காதோரத்து மச்சம்வரை எனக்குத் தெரிந்தது. உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவர் கண்ணை மூடியிருந்தார், இரண்டு உள்ளங்கையையும் மடிமேல் ஏந்தி வைத்திருந்தார். திரையில் அது விழுந்திருக்காது. அவர் கண் திறப்பதற்குள் பொத்தானை அழுத்தித் திரையை நானே கறுக்கவைத்தேன்.

“பேட்டரி போயிடுச்சா?” என்று கேட்டார்.

“ஆமா” என்றேன்.

திட்டுவார் என்று பார்த்தேன். “பரவால்ல கிழவி, உன்னால முடிஞ்சத நீ செஞ்சுட்ட” என்றார். ஏந்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, கன்றைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார். பேட்டரி தொண்ணூறுக்கு மேல் இருந்தது, மகனே. என் வேலை சுத்தமான வேலை. உன்னைக் காப்பாற்ற அதைப் பழுதென்று ஒப்புக்கொண்டேன். இனி ஒரு தடவை ஒப்புக்கொள்ளமாட்டேன். இந்த வெள்ளிக்கிழமை டேப்லெட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நான் பால் கறக்கப் போய்விடுவேன். நீ சமாதானம் பேசவேண்டாம், மன்னிப்பும் கேட்கவேண்டாம். தலையைக் குனிந்து, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு உட்கார், போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். மறுபடியும் அழைப்பைத் துண்டித்தாயானால், துண்டித்தது யார் என்று அவரிடம் சொல்லிவிடுவேன்.

கம்பளிக் காலுறை இல்லாமல் வேலைக்குப் போகாதே. ஐனூராவுக்கு அங்கே யாரும் இல்லை, தங்கை மாதிரிப் பார்த்துக்கொள். என் ஆசி நீ பிறந்த நாளிலிருந்து உன் தலைமேல்தான் இருக்கிறது, எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு. அப்பாவின் ஆசி அவர் கையில் இருக்கிறது, அதை நீயேதான் வாங்கிக்கொள்ளவேண்டும்.

உன் அம்மா
கான்ஷாயிம்