நெற்றியில் ஒரு சிலுவை

அருளாயியின் அய்யாவுக்கு,

புயலுக்குப் பிறகு நானும் பிள்ளையும் நலம். கூரை மட்டும் போயிற்று; அதற்காக அந்த ஆப்பிரிக்க அகதி முகாமில் பார்க்கும் நிவாரண வேலையை விட்டு ஓடிவர வேண்டாம். தங்கச்சிமடம் கோயில் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம்.

பால் பவுடரும் கம்பளியும் கொடுக்க ஒரு வெள்ளைக்காரர் கப்பலேறி வந்திருக்கிறார். நேற்று செபமாலை முடிந்ததும் பிள்ளைகள் வழக்கம்போல நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ள அவரவர் அப்பனிடம் ஓடினார்கள். உங்கள் மகள் நேரே அந்த மனிதர் முன்னால் போய் நின்றாள்.

"ஏத்தா, இங்கன வா" என்று கூப்பிட்டேன்.

"அய்யாதான் இல்லையே, இவுக போடட்டும்" என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் என் நெற்றியில் வரைந்து காட்டினேன். குனிந்து போட்டுவிட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். அவர் மகளாம், நம்மவள் வயதுதான் இருக்கும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு இவருக்கு இங்கே என்ன வேலை? ஆனாலும் கம்பளியை வாங்கிக்கொண்டேன்.

அங்கே எந்தப் பிள்ளையாவது உங்களிடம் நெற்றியைக் காட்டினால் மறுக்காமல் போட்டுவிடுங்கள். பின்னால் அதன் அம்மா பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இப்படிக்கு,
கூரையில்லாத உங்கள் வீட்டுக்காரி