ஓடையில் கிடந்த மரக்குற்றிகள்

வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கட முழங்கால் வலி குறைந்ததா? கனடாவில் நான் சுகம்.

இங்கே சால்மன் மீன் முட்டையிட ஏறும் ஓடையைச் சீராக்குவதுதான் எங்கட வேலை. முதல் கிழமையே குறுக்கே மரக்குற்றிகள் கிடந்தன. ஓடை போகும் நிலத்தின் காணிக்காரர்தான் தண்ணீரை மறிக்கிறார் என்று சந்தேகித்தேன். யாரிடமும் கேட்காமல், விதைப்புக்கு முன் நாம் வாய்க்கால் துப்பரவாக்குவதுபோல எல்லாவற்றையும் கரையில் இழுத்துப் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, மீன்குஞ்சுகள் ஒதுங்க அவரும் ஊராரும் சேர்ந்து போட்டவையாம்.

“உன்னை யார் அனுப்பினது?” என்றார் காணிக்காரர்.

குற்றிகளைத் திரும்பப் போட்டாயிற்று. ஆனாலும் நான் ஓடையில் இறங்கினால் வேலியோரம் வந்து பார்க்கிறார். அவர் காணிக்குள் விடாவிட்டால் என் வேலை போய்விடும்.

நம்மட வாய்க்கால் துப்பரவாக்கும் படமொன்றை எடுத்து அனுப்பத் தங்கச்சி றஸ்னாவிடம் சொல்லுங்கள். ஊர்ப் பழக்கத்தில்தான் குற்றிகளை எடுத்தேன் என்று காணிக்காரருக்குக் காட்ட வேண்டும். படத்தில் நீங்களும் நில்லுங்கள், வாப்பா.

வேலை வாகனம் வந்துவிட்டது.

மகன் நிப்றாஸ்