தரை தேடும் கால்

ஜூலை 15

மழை. கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் முழங்கால் அளவு தண்ணீர். என் டூர் கடைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. வந்தது ரஞ்சனின் போன் மட்டும்.

அந்தமானுக்கு நான் அனுப்பும் டூர் பார்ட்டிகளைக் கடலுக்குள் இறக்கிக் காட்டுகிறவன் அவன். கோடைச் சூட்டில் அவன் பவளத்திட்டில் பாதிக்கு மேல் வெளுத்துச் செத்துவிட்டதாம். பிழைத்த இடத்தில் இப்போதுதான் நகக்கண் அளவில் புதிதாகத் துளிர்க்கிறதாம். அதனால் இந்த துர்கா பூஜா சீசனில், தண்ணீருக்குள் தரையைத் தொடாமல் சும்மா மிதந்து நிற்கத் தெரியாத யாரையும் ஸ்கூபாவுக்கு இறக்க மாட்டானாம்.

என் நோட்டீஸில் 'ஸ்கூபா கியாரண்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டு பாலிகஞ்ச் ஸ்டேஷன் வரை ஒட்டியாகிவிட்டது. முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?

ஜூலை 16

நல்லவனோடு வியாபாரம் பண்ணுவதுதான் தலைவலி. கெட்டவன் என்றால் பேரம் பேசலாம்.

ஜூலை 21

குருமூர்த்தி சார் வந்தார். துறைமுக ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர். ஹவுராவில் அடுத்தவர்களுக்காக க்யூவில் நின்று டிக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என்னை நம்பி முதல் குரூப் கொடுத்த மனிதர். இன்றும் அவர் கூட்டிவருகிற தமிழ்க் குடும்பங்கள் இல்லையென்றால் என் குளிர்கால சீசன் காலி.

இந்தத் தடவை அவருக்கு ஒரே ஆசை. "முப்பது வருஷம் தண்ணிய மேல இருந்தே பாத்தாச்சு பூங்கோதை. ஒரு வாட்டி உள்ள போய்ப் பாத்துடறேன்."

ரஞ்சன் சொன்னதைச் சொல்ல வாய் வரவில்லை. காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 29

தீவில் வேறொரு டைவ் கடைக்காரனிடம் பேசினேன். யாரை வேண்டுமானாலும் இறக்குவானாம். பயமாக இருந்தால் நிற்பதற்குப் பாறை இருக்கிறதே என்கிறான்.

சரி என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே? சொல்லவில்லை. ஒரு வருஷம் என் பார்ட்டியில் வந்த ஒரு அம்மாளுக்குக் கடலுக்கடியில் மூச்சு முட்டியபோது ரஞ்சன்தான் மேலே கொண்டுவந்து, ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தான். அப்படி ஒரு ஆளை விட்டுவிட்டு எவனிடமோ ஜனங்களை ஒப்படைப்பது வியாபாரமும் இல்லை.

ஆகஸ்ட் 4

ரஞ்சனோடு ஹிந்தியில் ஒரு மணி நேரச் சண்டை. பணக்காரர்கள் காசைக் கொடுத்துவிட்டு உன் பவளத்தை உடைக்கவா வருகிறார்கள் என்று கேட்டேன். அவன் கத்தவில்லை, அதுதான் எரிச்சல். "யாரும் வேணும்னு உடைக்கறதில்ல அக்கா. பயந்தா கால் தரையைத் தேடும். அங்க தரைன்னா பவளம்தான்" என்றான்.

எல்லாம் பேச்சு. நானே இறங்கிக் காட்டுகிறேன்.

ஆகஸ்ட் 11

நியூ டவுனில் ஒரு நீச்சல் குளம். பயிற்சி கொடுப்பவள் ஸ்னேகா என்ற பெண். இந்த வயதில் அந்த உடுப்பு! முதுகில் சிலிண்டர், வாயில் குழாய். தண்ணீருக்குள் போனதும் கண்ணை மூடினேன். திறந்தபோது குளத்துத் தரையில் நின்றுகொண்டிருந்தேன். மறுபடி மிதக்க வைத்தாள், மறுபடி நின்றேன். நான் நிற்கவில்லை, கால் நின்றது. அதனிடம் என்னத்தைச் சொல்ல?

ரஞ்சனுக்கு போன் பண்ணவில்லை.

ஆகஸ்ட் 18

இன்று ஒரு யோசனை. டீக்கடை மண் குவளைகளை ஒரு கூடை வாங்கி, பெரிய பிளாஸ்டிக் தட்டுகளில் வைத்துக் குளத்தின் அடியில் வரிசையாக இறக்கினோம். தட்டு எதற்கென்றால், உடைந்த சில்லு குளத்தில் சிதறக்கூடாது. அப்படியும் குளத்து மேனேஜர், இது நீச்சல் குளமா டீக்கடையா என்று குதித்தார்.

குவளை சாயாமல் மேலாகக் கடந்தால் பாஸ். நான் இரண்டு உடைத்தேன். ரஞ்சனிடம் சொன்னபோது சிரித்தான். பிறகு, அதில் தேறியவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்குகிறேன் என்றான். ஆக, வழி கிடைத்தது. குளத்துப் பயிற்சியையும் பேக்கேஜில் சேர்த்து விற்கலாம். நோட்டீஸ் அடிக்கும் முன்பே தோன்றியிருந்தால் அந்தக் காசு மிச்சம்.

செப்டம்பர் 1

குருமூர்த்தி சார் குளத்துக்கு வந்தார். கூட வந்த குரூப்காரர்கள் முதலில் திணறினாலும் பாதிப் பேர் தேறினார்கள். இவர் இறங்கினால் மட்டும் குவளைகள் சடக் சடக்கென்று உடையும் சத்தம் எனக்கு மேலேயே கேட்பதுபோல் இருந்தது. கடைசியில் தட்டின் நடுவிலேயே நின்று என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

இன்னும் இரண்டு வாரம் வாருங்கள் சார் என்றேன். "டீ குடிக்கற குவளைக்குப் பரீட்சையா எனக்கு?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கண் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 5

வேறு ஏஜெண்டிடம் போய்விட்டார். குரூப்பில் முக்கால்வாசியோடு.

வயிறு எரிகிறது. யார் மேல்? ரஞ்சன் மேலா, அவர் மேலா, எவன் கண்டான்.

அக்டோபர் 13

துர்கா சிலை விசர்ஜனத்துக்குத் தெருவெல்லாம் டாக் மேள முழக்கம். என்னோடு மிஞ்சிய நாலு குடும்பம் தீவில் இருக்கிறது. எல்லோரும் இறங்கினார்களாம், ஒரு கீறல் இல்லையாம். ரஞ்சன் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்குத் திட்டத்தான் தோன்றியது. நஷ்டம் என்னுடையது, சந்தோஷம் அவனுடையது.

நவம்பர் 9

குருமூர்த்தி சார் வந்தார், ஒன்றுமே நடக்காததுபோல. கையில் சட்டம் போட்ட போட்டோ. கடலுக்கடியில் அவர், கட்டைவிரலை உயர்த்தியபடி. என் கடைச் சுவரில் எல்லா வருஷத்துப் போட்டோவும் இருக்கிறதாம், இதுவும் இருக்கட்டுமாம். ஜனவரி குரூப்பை எனக்கே தருவதாகவும் சொன்னார்.

ஆணி இல்லை சார், அப்புறம் மாட்டுகிறேன் என்றேன்.

அவர் போனதும் ரஞ்சனுக்குப் படமெடுத்து அனுப்பினேன். அவர் கால் இருந்த இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினான்.

நவம்பர் 23

கேட்டார். ஆணி இல்லை.

டிசம்பர் 7

மறுபடி கேட்டார். கொல்கத்தாவில் ஆணிப் பஞ்சமா என்றார்.

டிசம்பர் 14

இன்று ஆணியும் சுத்தியலும் அவரே கொண்டுவந்துவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறப் போனார். ஜனவரி குரூப் கண்முன் வந்துபோனது. சொல்லிவிட்டேன்.

"வேணாம் சார். கீழ பாருங்க, கால் எதுமேல இருக்குன்னு."

"கல்லும்மா அது."

"கல்லு இல்லையாம் சார்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுத்தியலை எடுத்துக்கொண்டார். காபி வேண்டாம் என்றார். ஜனவரியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

போட்டோவை மேஜையிலேயே விட்டுப் போயிருக்கிறார். டிராயரில் கவிழ்த்து வைத்தேன். தூக்கிப் போட மனசு வரவில்லை. அந்த மனுஷர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.